இரண்டு பேருக்கான கோடு

கூடத்தில் படகு கட்டினால் வீடு முழுக்க மரத்தூள் படியும். டப்பா மூடிகளில் படியும், தலையணை உறையில் படியும், காலையில் பல் தேய்க்க வாயைத் திறந்தால் நாக்கில்கூட அதன் ருசி இருக்கும். அதைத் தவிர அந்தப் படகின்மேல் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை ஐயா.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படகு விபத்தைப் பற்றிய உங்கள் அலுவலக அறிக்கையை எங்கள் மூலைக்கடைத் தச்சர் நேற்று கொண்டுவந்து காட்டினார். ‘தகுந்த பயிற்சி இல்லாத ஒருவரால் வீட்டில் கட்டப்பட்டதால் பலகை இணைப்பு திறந்து, படகு கவிழ்ந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவது பக்கம், நடுவில். அந்த ஒரு வரிதான் தப்பு. தேதி, நேரம், தண்ணீரின் ஆழம் எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த வரியைத் திருத்தத்தான் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். என் தம்பி வேலை தெரியாதவன் இல்லை. ஒரு வேலையை எடுத்தால் அதைக் கரைகாணாமல் விடமாட்டான்.

நான் மரச்சாமான் பட்டறையில் மெருகு போடுகிறவள். இருபத்தெட்டு வருஷமாக அதே பட்டறை, ஜன்னலோரத்தில் அதே மேஜை. மெருகு என்றால் பளபளப்பு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பளபளப்பு கடைசி அரைமணி நேரம்தான். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் மறைக்கிற வேலை. மரத்தில் முடிச்சு இருக்கும், பூச்சி துளைத்திருக்கும், எங்காவது உளி வழுக்கியிருக்கும். மாட்டுத்தோலில் செய்கிற வச்சிரப் பசையைக் காய்ச்சி, அதே மரத்தின் தூளைக் கலந்து, பள்ளத்தில் அடைத்துக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டால் விரலால் தடவிப் பார்த்தாலும் தெரியாது. முதலாளி வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, இவங்க கையில கொடுத்தா விறகைக்கூட வித்துடலாம் என்பார். வச்சிரத்துக்கு ஒரே ஒரு எதிரி தண்ணீர். அதனால்தான் நாங்கள் செய்யும் மேஜை நாற்காலிகளை ஈரத்துணியால் துடைக்காதீர்கள் என்று சீட்டு ஒட்டி அனுப்புவோம்.

தம்பி வரைபட அலுவலகத்தில் இருந்தான். அங்கே அவனுக்கு ஸ்கேல் என்று பட்டப்பெயர். வீட்டில் துணிக்கொடி கட்டினால்கூட இரண்டு முனையும் ஒரே உயரமா என்று அளந்துதான் கட்டுவான். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மா போனபோது எனக்கு இருபது, அவனுக்கு ஏழு. அப்போது முதல் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். என்னை இரண்டு இடத்தில் பெண் கேட்டார்கள். ஒரு இடத்தில் தம்பியை விடுதியில் சேர்த்துவிடலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் சொல்வார்கள் என்று எனக்குத் தெரிந்தது. நான் தியாகம் செய்தேன் என்று தெருவில் பேசுவார்கள். தியாகம் ஒன்றுமில்லை. எனக்கு அந்த வாழ்க்கை பிடித்திருந்தது. ஆறு பத்துக்குக் கதவு தட்டுவான். இரண்டு கோப்பை டீ இருக்கும். அன்றைக்கு யார் எந்தக் கோட்டைத் தப்பாகப் போட்டார்கள் என்று சொல்வான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். முப்பத்து நான்கு வருஷம் ஒரு மனிதர் இதற்குமேல் என்ன கேட்க முடியும்.

அவனுக்கு நாற்பது நடக்கும்போது ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனைக்குக் கட்டடத்தை அளந்து வரைபடம் போடப் போனான். ஒரு வாரத்தில் முடிய வேண்டிய வேலை. ஆறு வாரம் போய்வந்தான். எங்கள் தெருவில் பெயின்ட் அடிக்கிறவன்கூட ஒரு சுவரை ஆறு வாரம் இழுக்கமாட்டான். நான் எதுவும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்து, ஒரு பீன்ஸை எடுத்து நாலு சம துண்டாக ஒடித்தான்.

“அக்கா, அங்க மருந்து கொடுக்கிற இடத்துல ஒருத்தங்க இருக்காங்க.”

“மருந்து கொடுக்கிற இடத்துல யாராவது இருக்கத்தானே வேணும்” என்றேன்.

அவன் சிரித்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வயது முப்பத்தேழு, சொந்தக்காரர் யாரும் இல்லை, மருத்துவமனை வளாகத்திலேயே வீடு கொடுத்திருக்கிறார்கள். பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று இருவரும் பேசியிருக்கிறார்கள். அவளால் அந்த இடத்தை விட்டு வர முடியாது, ஏனென்றால் அங்கே அந்த வேலை தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் இவன் அங்கே போவான். நல்லதுதான் என்று சொன்னேன். உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன், அவனைக் கேட்க முடிந்தால் அவனும் அதையே சொல்வான்.

அவன் என்னையும் கூப்பிட்டான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே ஒரு சின்ன அறை காலியாக இருக்கிறது, நீயும் வந்துடுக்கா என்று மூன்று முறையாவது சொன்னான். நான் போய்ப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர் தெரிந்தது. நாற்காலி போட்டால் கதவு முழுசாகத் திறக்காது. என் பட்டறையை விட்டுவிட்டு, அவர்கள் இரண்டு பேர் பேசிச் சிரிப்பதை ஒரு சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருப்பதற்கு நான் ஏன் போக வேண்டும்? ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று என்னால் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

படகு அதிலிருந்துதான் வந்தது. ஏரியைச் சுற்றி சாலையில் போனால் இரண்டு பஸ், ஒன்றே முக்கால் மணி நேரம். குறுக்கே தண்ணீரில் போனால் நாற்பது நிமிஷம். அங்கிருந்து தினமும் அலுவலகத்துக்குப் படகிலேயே வருவேன், சாயங்காலம் உன்கிட்ட டீ குடிச்சிட்டுத்தான் திரும்புவேன் என்றான். அதாவது என் டீ அவனுக்குப் போகிற வழியில் இருக்கும். அவனுக்கு அது பெரிய ஏற்பாடாகத் தோன்றியது.

எட்டு மாதம் கட்டினான். கூடத்து நாற்காலிகளை என் அறைக்குள் தள்ளிவிட்டு, முதலில் அடிக்கட்டையைப் போட்டான், வீட்டு வாசலிலிருந்து சமையலறை வரைக்கும் பன்னிரண்டு அடி. பிறகு விலா எலும்பு மாதிரி வளைந்த கட்டைகள். அவற்றை வளைக்க மூலைக்கடைத் தச்சர் வந்து உதவினார். என் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஆவியில் மரத்தைக் காட்டி வளைத்தார்கள். பிறகு பலகைகள், பக்கத்துக்கு ஐந்து. ஒவ்வொரு ஆணிக்கும் முன்கூட்டியே துளை போட்டான், மரம் பிளக்கக் கூடாது என்று. இரண்டு பலகைக்கு நடுவில் ஒரு நூல் இடைவெளி விட்டு, அதில் பஞ்சுத்திரியை மரச்சுத்தியலால் தட்டி இறக்கி, மேலே எண்ணெய்ப் பட்டி வைக்க வேண்டும். தண்ணீரில் இறங்கினால் திரி ஊதி இறுகிக்கொள்ளும். அந்த இடைவெளிகளில் நான் ஒரு தையல் ஊசியைப் படுக்கவைத்து முனையிலிருந்து முனை வரை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், எங்குமே சிக்கவில்லை, தளரவுமில்லை. அதைத்தான் நீங்கள் பயிற்சி இல்லாதவன் வேலை என்கிறீர்கள்.

தெருவே சிரித்தது. மாடிவீட்டுத் தையல்காரி தினமும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, என்ன, இன்னும் மழையைக் காணோமே என்பாள். படகு உருவாகி வந்தபோது தச்சர் வாசற்கதவைப் பார்த்தார், படகைப் பார்த்தார், இதை வெளிய எப்படிப்பா எடுத்துட்டுப் போவே என்றார். தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். ஜன்னல் சட்டத்தைக் கழற்றினால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் மிச்சம் இருக்கும் என்று முதல் நாளே வரைந்துவைத்திருந்தான். அன்றைக்கு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் சந்தோஷமாக இருந்த நாட்கள்தான் அவை. அவன் வீட்டிலேயே இருந்தான். சாயங்காலம் வேறெங்கும் போகவில்லை. படகு முடியாமலேயே இருந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஆனால் முடிந்துவிட்டது. பட்டி வைப்பதையும் பெயின்ட் அடிப்பதையும் என்னிடம் கொடுத்தான். வேறு யாரிடம் கொடுப்பான்? அவன் திரி அடித்து முடித்த பக்கத்தை நான் பட்டி பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் எண்ணெய்ப் பட்டி, பிறகு பிரைமர், உப்புத்தாள், அடிப்பூச்சு, மறுபடி உப்புத்தாள், பிறகு எனாமல் மூன்று கை. கீழே செம்பழுப்பு, மேலே வெளிர்நீலம். அடி மூன்று நாளில் முடிந்தது. அடியில் நான் செய்த வேலையை யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம்.

படகின் வெளிப்பக்கத்தில் அவன் பென்சிலால் இரண்டு கோடுகள் போட்டுவைத்திருந்தான். இது எதுக்குடா என்று கேட்டேன். கீழ்க்கோடு, ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போட்டால் தண்ணீர் வந்து நிற்கும் இடம். மேல்கோடு, பின்பலகையில் இன்னொருவர் உட்கார்ந்தால் தண்ணீர் ஏறி நிற்கும் இடம். முன்பக்கத்தில் இரண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. பின்பக்கம் போகப்போக விலகி, கடைசியில் நாலு விரல் இடைவெளி வந்தது. எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வரைந்திருந்தான். அவளுடைய எடையைக்கூட மருத்துவமனை எடைமேடையில் பார்த்துவந்து எழுதியிருந்தான்.

அந்த நாலு விரலுக்கு நடுவில் ஒரு பலகை இணைப்பு ஓடியது. மூன்றாவது பலகைக்கும் நாலாவது பலகைக்கும் நடுவில், இடப்பக்கம், பின்னால். நான் அதைத் தேடிப் போகவில்லை. கண் முன்னால் இருந்தது.

ஒரு புதன்கிழமை மதியம் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். கொக்கி ஊசியால் ஒன்றரை முழ நீளத்துக்குப் பஞ்சுத்திரியை வெளியே இழுத்தேன். நன்றாக இறக்கியிருந்தான், வரமாட்டேன் என்றது. ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த இடத்தை வச்சிரமும் மரத்தூளும் கலந்து அடைத்தேன். நாங்கள் நாற்காலிக்குச் செய்கிற அதே கலவை. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, மற்ற இடத்தோடு சேர்த்துப் பெயின்ட் அடித்தேன். அந்த ஒன்றரை முழத்துக்கு மட்டும் மூன்று கைக்குப் பதில் ஒரே கை. வலப்பக்கத்தைத் தொடவில்லை. அடியைத் தொடவில்லை. தண்ணீர் இறைக்க அவன் பின்பலகைக்குக் கீழே ஒரு தகரக் குவளை கட்டிவைத்திருந்தான், அதையும் நான் எடுக்கவில்லை. என் தம்பி தனியாகப் போய்வந்தால் அந்தப் படகு அவன் ஆயுசுக்கும் உழைத்திருக்கும். அவனைத் தாங்கும் இடத்தில் ஒரு ஊசிமுனை அளவுக்குக்கூட நான் கைவைக்கவில்லை என்பதை நீங்கள் தெளிவாக எழுத வேண்டும்.

முன்பே சோதித்தாயா என்று கேட்கிறீர்கள். சோதித்தேன். சோதிக்காமல் ஒரு கலவையை நான் எந்தச் சாமானிலும் வைத்ததில்லை. இரண்டு துண்டுப் பலகையை ஆணியடித்துச் சேர்த்து, நடுவில் அதே கலவையை வைத்து, ஒரு கை பெயின்ட் அடித்து, குளியலறை வாளியில் போட்டேன். அவ்வப்போது கையால் லேசாக முறுக்கினேன், துடுப்புப் போடும்போது மரம் முறுகும் அல்லவா. முதல் கலவை ஐந்து நிமிஷத்தில் கஞ்சியாகிவிட்டது. பிறகு கொஞ்சம் அரக்கு சேர்த்தேன். அது பதினொரு நிமிஷம் நின்றது. மூன்றாவது கலவை இருபது நிமிஷம்.

இருபது நிமிஷத்தில் படகு ஏரியின் நடுவில் இருக்கும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். படகு ஒழுகி, அவள் பயந்து, இந்தக் கல்யாணமே வேண்டாம் என்று சொல்வதற்கு ஐந்து நிமிஷக் கலவையே போதுமே என்றும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். எனக்கு அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை என்றுதான் சொல்ல முடியும். ஐந்து நிமிஷத்தில் கரைகிற கலவையை வெளியே அனுப்ப எந்த மெருகுக்காரிக்கும் மனசு வராது.

ஜன்னல் சட்டத்தைக் கழற்றிப் படகை வெளியே எடுத்தார்கள். அவன் சொன்ன மாதிரியே இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் மிச்சம் இருந்தது. தள்ளுவண்டியில் ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனபோது தையல்காரி உட்படத் தெருவில் பாதிப்பேர் பின்னால் வந்தார்கள். தண்ணீரில் இறக்கினார்கள். தம்பி ஏறி உட்கார்ந்து, ஒரு பெரிய வட்டம் அடித்துவிட்டு வந்தான். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, உலர்ந்த கையை எனக்குக் காட்டினான். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன், பள்ளிக்கூடத்தில் முதன்முதலாகப் பரிசு வாங்கிக்கொண்டு ஓடிவந்தபோது.

“ஏறுக்கா. மொத சவாரி உனக்குத்தான்.”

“எனக்கு முழங்கால் வலிக்குதுடா.”

“நான் பிடிச்சுக்கிறேன். வா.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறினேன். அவன் என் கையைப் பிடித்துப் பின்பலகையில் உட்காரவைத்தான். நான் ஓரமாகக் குனிந்து பார்த்தேன். தண்ணீர் மெதுவாக மேலே ஏறி, செம்பழுப்பில் அவன் முன்பு கோடு போட்டிருந்த இடத்தில் வந்து நின்றது. அந்த இணைப்பு தண்ணீருக்குள் இரண்டு விரல் கீழே இருந்தது. அவ்வளவு சரியாக வரைந்திருந்தான். தலை சுற்றுகிறது என்று சொல்லி இறங்கிவிட்டேன். தச்சர் அப்ப நான் ஏறட்டுமா என்று வேட்டியை மடித்துக் கட்டினார். நீங்க ஏறினா ஏரித்தண்ணி ரோட்டுக்கு வந்துடும், போய் வேலையைப் பாருங்க என்றேன். சிரித்துக்கொண்டே விலகிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் ஜன்னலைப் பொருத்துவதற்கு முன்பே, இணைப்பு இரண்டு நிமிஷம் நனைந்துவிட்டதே என்று கரைக்குத் திரும்பிப் போய் அந்த இடத்துக்கு இன்னொரு மெல்லிய கை பெயின்ட் அடித்தேன். படகு கரையில்தான் கவிழ்த்துவைக்கப்பட்டிருந்தது. வர்ணத்தில் கீறல் விழுந்துவிட்டது என்று தம்பியிடம் சொன்னேன். இந்தக் கண் யாருக்கு வரும்க்கா என்றான்.

அடுத்த ஞாயிறு அவன் அக்கரைக்குத் தனியாகப் போய், அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, நாங்கள் மூன்று பேரும் எங்கள் வீட்டில் சாப்பிடுவது என்று ஏற்பாடு. காலை ஒன்பதரைக்குக் கிளம்பினான். போகும்போது கைகாட்டவில்லை, இரண்டு கையிலும் துடுப்பு இருந்தது. அக்கரை சேர்ந்ததும் அங்கிருந்து ஒரு வெள்ளைத் துணியை ஆட்டுவேன் என்று சொல்லியிருந்தான். ஆட்டினான். பத்து மணி பத்து நிமிஷம். நான் வீட்டுக்குத் திரும்பிச் சமைத்தேன். மேஜையில் இரண்டு தட்டு எடுத்துவைத்தேன். மூன்றாவது தட்டு மேல் அலமாரியில் இருந்தது, அதை எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், முழங்கால் முடியாது. தையல்காரி வந்து எட்டிப் பார்த்து, ரெண்டு தட்டுதான் இருக்கு என்றாள். ஒன்று அவளுக்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஒன்று அவனுக்கு. பரிமாறுகிறவள் கடைசியில்தானே சாப்பிடுவாள்.

ஒரு மணிக்குத் தச்சர் வந்தார். வாசலிலேயே நின்றார். செருப்புப் போடவில்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், தம்பி எங்கே உட்கார்ந்திருக்கான், துண்டு கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போதும் நான் துண்டை எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

அவளை மருத்துவமனையில் பார்த்தேன். அவள் வேலை செய்கிற அதே மருத்துவமனைதான், இப்போது கட்டிலில் இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். பாதி தூரம் வந்ததும் அவள் கால் நனைந்திருக்கிறது. துடுப்பிலிருந்து தெறித்த தண்ணீர் என்று நினைத்திருக்கிறாள். பிறகு பக்கவாட்டில் பெயின்ட் தோல் மாதிரி உரிந்து, பலகைக்கு நடுவிலிருந்து தண்ணீர் தகடாக வந்திருக்கிறது. குவளையால் இறைத்திருக்கிறாள். தம்பி தன் சட்டையைக் கழற்றி அந்த இடைவெளியில் அடைத்துப் பார்த்திருக்கிறான். படகு பின்னால் தாழ்ந்து, சாய்ந்து, கவிழ்ந்துவிட்டது.

“கவுந்த படகைப் பிடிச்சுக்கலாம்னு பார்த்தோம்க்கா. கை நிக்கவே இல்லை. கண்ணாடி மாதிரி வழுக்குச்சு. அவர்தான் என்னைத் தாங்கிக்கிட்டே இருந்தார். ஒரு துடுப்பை என் கைக்குக் கீழே கொடுத்தார். மீன்பிடிக்கிறவங்க படகு வர்றது தெரிஞ்சுது. இதோ வந்துட்டாங்கன்னு சொன்னார். அப்புறம் திரும்பிப் பார்த்தேன், இல்லை.”

முப்பத்தைந்து நிமிஷம் என்று மீன்காரர்கள் கணக்குச் சொன்னார்கள். முப்பத்தைந்து நிமிஷம் அவளைத் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறான். மறுநாள் காலையில்தான் அவன் கிடைத்தான்.

அதன்பிறகு பதினொரு மாதம் ஆகிவிட்டது. அவள் வாராவாரம் வருகிறாள். இரண்டு பஸ் மாறி வருகிறாள், தண்ணீர்ப் பக்கம் போவதில்லை. என் முழங்காலுக்கு மருந்து கொண்டுவருவாள், தானே தேய்த்துவிடுவாள். நல்ல கை, அதைச் சொல்ல வேண்டும். ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். என்னை ஒருநாளாவது சீக்கிரம் கூட்டிட்டு வரணும்னுதான் அவசர அவசரமா முடிச்சிருப்பார், என்னாலதான்க்கா போனார் என்றாள். அவள் நினைப்பில் ஒரு பாதி சரிதான் என்று எனக்குத் தோன்றியது. சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாள். இப்போது அவள் ஏறினால் அந்தப் படகு இரண்டு விரல்கூடத் தாழாது.

இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொல்ல அவசியம் வரவில்லை. தண்ணீருக்குள் அமுக்கியதைப் போல எல்லாம் அமுங்கிக் கிடந்தது. நான் வேலைக்குப் போனேன், வந்தேன். ஆறு பத்துக்கு இரண்டு கோப்பை வைத்தேன், ஒன்றைக் கொட்டினேன். சாகிறவரை இப்படியே ஓட்டிவிடலாம் என்று இருந்தேன். அதில் எனக்கு வருத்தமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. ஆனால் அந்த அறிக்கை வந்துவிட்டது. அவன் பெயருக்குப் பக்கத்தில் பயிற்சி இல்லாதவன் என்று அரசாங்க முத்திரையோடு எழுதிவைத்தால், யாராவது என்றைக்காவது அதை எடுத்துப் படிப்பார்கள். வேலை தெரியாமல் கட்டி, ஒரு பெண்ணையும் கொல்லப் பார்த்தவன் என்று நினைப்பார்கள். அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அவன் அலுவலகத்தில் அவனைப் பற்றி ஒருவர் ஒரு குறை சொன்னதில்லை.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். படகை அவன் கட்டினான், நன்றாகக் கட்டினான். இடப்பக்கம், பின்னால், மூன்றாவது நாலாவது பலகைக்கு நடுவில் இருந்த திரியை எடுத்தவள் நான். வச்சிரம் வைத்தவள் நான். இரண்டாவது ஆள் ஏறினால் தாங்கக் கூடாது என்று தெரிந்துதான் வைத்தேன். அந்த இரண்டாவது ஆளுக்கு நீந்தத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும், தம்பி சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான், கல்யாணத்துக்கு அப்புறம் கத்துக்கொடுக்கணும் என்று. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

ஆனால் அவன் சாவை நான் செய்த கொலை என்று எழுதாதீர்கள். அவன் கணக்கில் அது வராது. அவனுக்கு எட்டு வயதில் நீச்சல் கற்றுக்கொடுத்தவளே நான்தான், அந்த ஏரியில் எப்பேர்ப்பட்ட காற்றிலும் இரண்டு முறை குறுக்கே போய்வருகிறவன். கவிழ்ந்த இடத்திலிருந்து நம் கரை கண்ணுக்குத் தெரிந்திருக்கும். தனியாக என்றால் அரைமணி நேரத்தில் நீந்தி வந்திருப்பான். அவளை விட்டுவிட்டு ஈரத்தோடு வீட்டுக்கு வந்து நின்றிருந்தால், ஏன்டா இப்படிச் செஞ்சே என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்.